18 வருடக் குழுவை விட்டு வந்தவரின் 8 பாட்டு: கல்லடியில் ஓர் அல்பம்

2021 ஒக்டோபரில் தொடங்கி 2023 பெப்ரவரியில் முடிந்த ஓர் ஒலிப்பதிவு வேலையைப் பற்றியது இது. இடம், மட்டக்களப்புக் கல்லடியில் என் வீட்டுப் பின்னறை. ஆள், 18 வருடம் ஒரே இசைக்குழுவில் கிற்றார் வாசித்துவிட்டு வெளியே வந்த ஒருவர். பெயர் போட வேண்டாம் என்றார். மட்டக்களப்பில் மேடை நிகழ்ச்சி பார்த்துத் திரிந்தவர்களுக்கு அடுத்த பந்தியிலேயே ஆள் பிடிபட்டுவிடும். இருந்தாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறேன். என்னைவிட 11 வயது மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். ஒலிப்பதிவும் மிக்சிங்கும் நான்தான். கூலியும் வாங்கினேன். ஆகவே நடுநிலையான ஆய்வு என்று இதை யாரும் நம்ப வேண்டாம்.

குழு

2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு இரவு நிகழ்ச்சிகள் மெல்லத் திரும்பி வந்த காலம். 2003இல் 5 பேர் சேர்ந்து தொடங்கினார்கள். கோயில் திருவிழா, கல்யாண வீடு, பழைய மாணவர் விருந்து என்று ஓடியது. முக்கால்வாசி சினிமாப் பாட்டு, மிச்சம் பைலா என்ற துள்ளல் ஆட்டப் பாட்டு. மட்டக்களப்பில் பைலா வாசிக்காமல் மேடையை விட்டு இறங்க விடமாட்டார்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர் வீட்டுக் கல்யாணங்களில் கஃப்றிஞ்ஞா ஆட்டம் இன்னும் உயிரோடு இருக்கிற ஊர் இது. குழுவின் ட்ரம்ஸ்காரர் சின்ன வயதில் டச்பார் பக்கத்துக் கல்யாணங்களில் பொங்கோ அடித்துக் கை பழகியவர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சொந்தமாகப் போட்ட ரொக் பாட்டுகளும் இருந்தன. இரவு ஒரு மணி தாண்டி, பெண்களும் பிள்ளைகளும் வீட்டுக்குப் போன பிறகு, இரண்டோ மூன்றோ வாசிப்பார்கள். அந்த நேரத்துக்காகவே காத்திருக்கும் 30, 40 பொடியன்களில் நானும் ஒருவன்.

2019 ஈஸ்டர் ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு ஊரில் மாதக்கணக்கில் யாருக்கும் மேடை போட மனம் வரவில்லை. மெல்லத் தலை தூக்கும்போது 2020இல் கொவிட். கீபோர்ட்காரர் கட்டாருக்குப் போய்விட்டார். மிச்சம் 4 பேரின் தலையில், கூட்டாக லீசிங்கில் எடுத்த சவுண்ட் செட்டின் மாதக் கட்டுப்பணம். நிகழ்ச்சி இல்லை, கட்டுப்பணம் மட்டும் வந்துகொண்டிருந்தது. இசையில் கருத்து வேறுபாடு என்று வெளியே சொன்னார்கள். உண்மையில் பிரித்தது ஸ்பீக்கர்தான். 2021 நடுப்பகுதியில் அண்ணன் ஒரு கிற்றார், ஒரு அம்ப், இரண்டு மைக் ஸ்டாண்டோடு வெளியே வந்தார். ஜெனரேட்டரில் தனக்கிருந்த பங்கைக் கேட்டுச் சண்டை பிடித்ததில் ட்ரம்ஸ்காரரோடு பேச்சு நின்றுபோனது.

பெயர் யாருக்கு, பாட்டு யாருக்கு

பிங்க் ஃப்ளொய்ட் குழுவை விட்டு 1985இல் வெளியேறிய ரொஜர் வோட்டர்ஸ், மற்றவர்கள் அந்தப் பெயரில் தொடரக் கூடாது என்று 1986இல் நீதிமன்றம் போனார். 1987 கடைசியில் உடன்பாடு வந்தது, பெயர் மற்றவர்களோடு போனது. இந்தக் கதையைச் சொன்னதும் அண்ணன் சிரித்தார். “பேர அவங்களே வெச்சிக்கட்டும். எனக்குப் பாட்டு காணும்.”

பெயரை விட்டுக்கொடுப்பது அவருக்கு அவ்வளவு லேசாக இருந்தது. பாட்டு விஷயம் அப்படி இல்லை. அவர் கொண்டுவந்த பட்டியலில் 14 பாட்டு. மூன்று, பிரிந்த பிறகு எழுதியவை. மற்ற 11 குழுக் காலத்தவை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, கூட்டாக ஆக்கிய படைப்புக்குக் கூட்டாளிகள் எல்லோரும் உரிமையாளர்கள். ஆனால் பகுதிகளைப் பிரித்துப் பயன்படுத்த முடிந்து, எந்தப் பகுதி யாருடையது என்றும் தெரிந்தால், அந்தப் பகுதி அவரவருக்கு. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் இதெல்லாம் 10 நிமிட வேலை. இவர்களிடம் இருந்தது வட்ஸ்அப் குழு ஒன்று, அதில் பாதி பிறந்தநாள் வாழ்த்து.

ஒரு கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாட்டாகக் கேட்டேன்: இதன் முதல் வரியும் மெட்டும் வீட்டில் வந்ததா, பயிற்சி அறையில் வந்ததா? 5 பாட்டு வீட்டில் வந்தவை, அதில் சந்தேகமில்லை. 6 பாட்டு அறையில் பிறந்தவை. அவற்றில் 4இன் வரிகள் அண்ணனுடையவை. வரியை வைத்துக்கொண்டு புது மெட்டுப் போடலாம்தானே என்று ஒரு பாட்டில் முயன்றோம். பழைய மெட்டு நாக்கை விட்டுப் போகவே இல்லை, மூன்றாவது வரியில் தானாக அங்கே கிறுகிவிடும். ஆறையும் விட்டுவிட்டோம். 5உம் 3உம் 8. அல்பத்தின் நீளம் இப்படித்தான் முடிவானது. கலைத் திட்டம் எதுவும் அதில் இல்லை.

தனியே செய்யலாம் என்ற ஆசை

குழுவை விட்டு வருகிறவர்களுக்கு முன்னால் இரண்டு பாதை. 1970 ஏப்ரலில் வெளிவந்த அல்பத்துக்குப் போல் மக்கார்ட்னி செய்தது ஒன்று: வீட்டில் நான்கு தட ரெக்கோடர் ஒன்றை வைத்துக்கொண்டு எல்லா வாத்தியத்தையும் தானே வாசித்தது. அதே வருட நவம்பரில் ஜோர்ஜ் ஹரிசன் செய்தது மற்றது: பீற்றில்ஸ் இசைத்தட்டுகளில் தனக்கு ஒன்றிரண்டு பாட்டுக்கே இடம் கிடைத்ததால் சேர்ந்துபோன பாட்டுகளை எல்லாம், பெரிய கூட்டமாக வாத்தியக்காரரைச் சேர்த்து, மூன்று தட்டாக இறக்கியது. அண்ணனிடம் ஹரிசனைப் போலப் பாட்டுச் சேர்ந்திருந்தது. ஆனால் செய்ய விரும்பியது மக்கார்ட்னியைப் போல. கையில் காசு இல்லாததும் ஒரு காரணம். இனி ஒருவரிடமும் கெஞ்சக் கூடாது என்பது பெரிய காரணம்.

என் அறை 10 அடிக்கு 12 அடி, மேலே அஸ்பெஸ்டஸ் ஷீட். மழை வந்தால் வேலை நிற்கும், அது தெரிந்த கதை. தெரியாத கதை பாண் விற்க வரும் ஆட்டோ. பின்னேரம் நாலரைக்கு, பீத்தோவனின் ‘ஃபூர் எலீஸ்’ பியானோத் துண்டைப் பீப்பீ என்று வாசித்துக்கொண்டு ஒழுங்கைக்குள் வரும். முதல் பாட்டில் அண்ணனின் மிகச் சிறந்த குரல் பதிவின் கடைசி வரிக்கு அடியில் அது இன்றைக்கும் மெல்லக் கேட்கும். எடுக்க முடியவில்லை, அவரும் எடுக்க விடவில்லை.

பொருளாதார நெருக்கடியில், 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை போனது. லப்டொப் பற்றரியில், அதிலிருந்தே மின்சாரம் எடுத்து மைக்கையும் கிற்றாரையும் அதோடு இணைக்கும் இரண்டு வழி இன்டர்ஃபேஸை வைத்துப் பதிவு செய்தோம். காற்றாடி இல்லாததால் குரலுக்கு அறை அமைதியாகவே இருந்தது, வியர்வைதான் மைக்கில் சொட்டியது. டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியது. கிற்றார்க் கம்பி கொழும்புக் கடைகளிலும் அருமையாகிவிட்டது, கிடைத்தாலும் விலை கேட்கப் பயம். கடற்காற்றில் கம்பி இரண்டு கிழமையில் துருப்பிடிக்கும் ஊர் வேறு. பேஸ் கம்பியைக் கழற்றி, சுருட்டி, கொதிதண்ணீரில் 10 நிமிடம் அவித்துத் துடைத்துக் காயவைத்தால் பழைய துலக்கம் கொஞ்ச நாளைக்குத் திரும்பும். உள்ளே ஏறிய எண்ணெயும் அழுக்கும் கழன்றுவிடும். அம்மாவின் சோற்றுப் பானையில் அவித்தோம். அதற்கு நான் வாங்கிய ஏச்சை இங்கே எழுத முடியாது.

ஜூன் மாதம் 8 பாட்டும் ஒரு வடிவத்துக்கு வந்தன. கிற்றார், பேஸ், குரல் எல்லாம் அண்ணன். ட்ரம்ஸ், நான் கம்ப்யூட்டரில் அடுக்கியது. கச்சான் காற்று நெருப்பாக அடித்த ஒரு மத்தியானம் இருவரும் இருந்து முழுவதையும் கேட்டோம். ஒரு பிழையும் இல்லை. கேட்க ஒன்றுமே இல்லை என்பதும் உண்மை. “மொபைல் கடையில போடுற பாட்டு மாதிரிக் கிடக்கு” என்றார். நான் மறுக்கவில்லை.

மத்தளம்

ஊரில் யாரிடம் சொன்னாலும் ஒரே அறிவுரை: கூத்து மத்தளத்தைச் சேர், உடுக்கைச் சேர், அப்போதுதான் மட்டக்களப்பு மணம் வரும். இன்னும் சிலர், வாவியில் இரவில் கேட்கும் என்று சொல்லப்படும் பாடும் மீன் சத்தத்தைச் சேர்க்கச் சொன்னார்கள். 1950களில் லாங் அடிகளார் அதை வாவியில் ஒலிப்பதிவு செய்த நாளிலிருந்து இந்த ஊர் இசைக்காரர் ஒவ்வொருவரும் கேட்டுக் களைத்த கேள்வி அது. 1924இல் கட்டிய பழைய கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் புதுப் பாலமும் வந்துவிட்டது. இரவிலும் லொறி ஓடுகிற இடத்தில் மீனை எங்கே கேட்கிறது?

மத்தளத்தை மட்டும் முயன்று பார்த்தோம். ஓகஸ்டில் இரண்டு நாள். கூத்தில் ஒரு வகையான வடமோடியைப் பழக்குகிற அண்ணாவியார் ஒருவர் பெரிய மனதோடு வந்தார். அண்ணன் கிற்றாரின் கீழ்க் கம்பியை ஈயிலிருந்து டீக்கு இறக்கி வாசிப்பவர், அதாவது 82 ஹேர்ட்ஸிலிருந்து 73க்கு. மத்தளத்தின் வலந்தலை, அதாவது வலப்பக்கத் தோல், அதோடு சேராமல் அரைச் சுரம் மேலே நின்றது. சரி, கிற்றாரை ஏற்றினோம், அண்ணனின் குரல் எட்டவில்லை. சுருதியாவது ஒரு வழிக்கு வந்திருக்கும். பெரிய சிக்கல் வேறு. கூத்தில் மத்தளம்தான் ஆட்டத்தை நடத்தும். தாளக்கட்டைச் சொல்லிக் கொடுத்து, விரித்து, தீர்மானம் வைத்து முடிக்கும். நாங்களோ அவரை, ஏற்கெனவே முடிந்துவிட்ட பாட்டில் நடுவே 8 சுற்றுக்கு அடிக்கச் சொன்னோம். இரண்டாம் நாள் பின்னேரம் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு சொன்னார்: “மனே, இதுக்குள்ள எனக்கு வேலை இல்ல.”

பேசிய கூலியைக் கொடுத்து, அவர் கேட்டபடி அவருடைய தாளக்கட்டுகளை ஒன்றரை மணி நேரம் தனியாகப் பதிவு செய்து பென் ட்ரைவில் கொடுத்தேன். அந்த வருடம் என் அறையில் நடந்த நல்ல வேலை அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். அல்பத்தில் அதில் ஒரு துளியும் இல்லை.

பழைய போனிலிருந்த கை

செப்டெம்பரில் அண்ணன் ஒரு பழைய போனைக் கொண்டுவந்தார். 2017இல் ஒரு கோயில் திருவிழா மேடையில், ஸ்பீக்கர் பெட்டிக்கு மேல் வைத்துப் பதிந்தது. எங்கள் 8இல் இரண்டாவது பாட்டு. சத்தம் உடைந்து கிடந்தது, பாட்டு ஓடியது. அதையும் என் பதிவையும் மாறி மாறிப் போட்டபோதுதான் எங்கே பிழை என்று விளங்கியது. கிற்றார் இரண்டிலும் ஒன்றேதான். கம்ப்யூட்டரில் நிமிடத்துக்கு 94 அடி என்று போட்டால் கடைசி வரை 94தான். ட்ரம்ஸ்காரர் அப்படி வாசிக்கவில்லை. பல்லவிக்குள் போகும்போது கொஞ்சம் ஏறுவார், சரணத்தில் திரும்பி இறங்குவார். ஸ்னெயார் என்ற சின்ன ட்ரம்மில் அடி ஒவ்வொன்றும் விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு அளவு பிந்தி விழும். நான்கு அடித் தாளத்தை வாசிக்கும்போதும் கைக்குள்ளே பைலாவின் ஆறு-எட்டுத் தாளம் ஆடிக்கொண்டிருந்தது. பைலாக் கை. 18 வருடம் அந்தக் கையில் சாய்ந்து நின்றே அண்ணன் கிற்றார் வாசித்திருக்கிறார். தனியே வந்தபோது சாய ஒன்றுமில்லை.

அந்த வேகத்தை மட்டும் எடுக்கலாம் என்று யோசனை வந்தது. முறை கடினமில்லை, பொறுமைதான் வேண்டும். பழைய பதிவை மென்பொருளில் போட்டு, ஒவ்வொரு சுற்றின் முதல் அடியும் விழும் இடத்தில் கையால் குறி வைக்க வேண்டும். இரண்டு குறிக்கு இடையிலுள்ள தூரத்தை வைத்து அந்தச் சுற்றின் வேகத்தை மென்பொருள் கணக்கெடுக்கும். முடிவில், வாசிக்கிறவருக்கு வேகம் காட்ட ஹெட்போனில் நேராக ஓடும் க்ளிக் சத்தத்துக்குப் பதில், மனிதனைப் போல ஏறி இறங்கும் க்ளிக் ஒன்று கிடைக்கும். ஏறக்குறைய 100 சுற்று, மூன்று இரவு. 94இல் தொடங்கி, பல்லவிகளில் 96, கடைசிச் சரணத்தில் விறுவிறென்று ஏறி 101இல் முடிந்தது. அந்தக் கடைசி ஏற்றத்தைப் பார்த்து நான் அசந்துபோனேன். கதையின் பாரம் முழுவதும் அங்கே வந்து இறங்குகிறது, அதற்குக் கை தானாக ஓடியிருக்கிறது என்று அண்ணனுக்கு அரை மணி நேரம் விளக்கம் கொடுத்தேன். கொப்பியிலும் எழுதி வைத்தேன்.

பழைய 5 பாட்டில் 3க்கு இப்படிப் பதிவுகள் கிடைத்தன. அந்த க்ளிக்குக்கு, தேவாலயத்தில் வாசிக்கும் 22 வயதுத் தம்பி ஒருவர் புதிதாக ட்ரம்ஸ் வாசித்தார். இரவல் வாங்கிய நான்கு வழி இன்டர்ஃபேஸ், நான்கு மைக்: காலால் அடிக்கும் கிக் ட்ரம்முக்கு ஒன்று, ஸ்னெயாருக்கு ஒன்று, மேலே இரண்டு. மேலேயுள்ள இரண்டும் ஸ்னெயாரிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும், நூல் பிடித்து அளந்தோம். இல்லாவிட்டால் ஒரே அடி இரண்டு மைக்குக்கும் வேறு வேறு நேரத்தில் போய்ச் சேர்ந்து சத்தம் மெலியும். ஆட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீட்டர் பெற்றோல் என்று கியூஆர் கோட்டில் அளந்து கொடுத்த காலம். பதிவு நடந்த மண்டபத்துக்கு ட்ரம்ஸ் செட்டை ஏற்றி இறக்க ஒரு ஆட்டோக்காரரின் அரைக் கிழமைப் பெற்றோல் போனது.

பாட்டு எழுந்து நின்றது. மற்ற 5 பாட்டை அந்தத் தம்பி தன் கையால், க்ளிக் இல்லாமல், அண்ணனோடு ஒரே நேரத்தில் இருந்து வாசித்தார். அவற்றில் இரண்டு நன்றாக வந்தன.

“காணும்”

மிக்சிங்குக்கு வந்தபோது ஆறாவது பாட்டில் மட்டும் 26 கிற்றார்த் தடங்கள். ஒவ்வொரு இரவும் வந்து ஒன்றைச் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார். குழுவில் இப்படி நடக்காது. பேஸ்காரர் “காணும்டா”, அதாவது போதும் என்பார், அதோடு கிற்றார் கீழே போகும். அண்ணனுக்கு அது பிடிக்காது; குழுவைப் பற்றி என்னிடம் சொன்ன குறைகளில் பாதி அந்த ஒரு சொல்லைப் பற்றியதுதான். இப்போது அதைச் சொல்ல ஆளில்லை. நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மணிக்கணக்கில் கூலி தருகிறவரிடம் காணும் என்று சொல்ல வாய் வரவில்லை. இந்த வேலையில் என் பெரிய பிழை இதுதான். நவம்பர் மழையில் நாங்கள் இழந்த நாட்களைவிட இதில் இழந்த நாட்கள் அதிகம்.

கடைசியில் கள்ள வேலை செய்தேன். 26இல் 19ஐ அணைத்துவிட்டுப் போட்டுக் காட்டினேன். ஒன்று குறைகிறது என்று மட்டும் கண்டுபிடித்தார். அதைத் திரும்பப் போட்டேன். 8 தடத்தோடு பாட்டு வெளியே போனது. இதை வாசித்துவிட்டு அவர் என்ன சொல்வாரோ தெரியாது.

கேட்கப் போனது

2023 ஜனவரியில், எல்லாம் முடிகிற நேரம், ட்ரம்ஸ்காரரிடம் சொல்ல வேண்டும் என்று அண்ணன் அடம் பிடித்தார். சட்டப்படி தேவையில்லை. கலைஞருக்கு உரிமை இருப்பது அவருடைய ஆற்றுகைக்கும் அதன் பதிவுக்கும். அவருடைய ஒலியில் ஒரு துண்டும் நாங்கள் எடுக்கவில்லை, வேகத்தை மட்டும் அளந்தோம். வேகத்துக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. இதையெல்லாம் சொன்னேன். “சட்டம் கிடக்கட்டும், நாளைக்குச் சந்தையில அவன்ட முகத்தில முழிக்கணும்” என்றார்.

நாவற்குடாவில் வீடு. ஒன்றரை வருடப் பேச்சில்லாமை, எனவே என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தேத்தண்ணி வந்தது. போன் ஸ்பீக்கரில் வேண்டாம் என்று நான் ஹெட்போன் கொண்டு போயிருந்தேன். ட்ரம்ஸ்காரர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது பாட்டைக் கேட்டார், தொடையில் விரல் ஆடிக்கொண்டிருந்தது. முடிந்ததும் அண்ணனைப் பார்த்தார்.

“என்ட கையைக் களவெடுத்துத்தான் பாட்டுச் செஞ்சிருக்காய்?”

“அதுதான் மச்சான் கேட்க வந்தனான்.”

ஹெட்போனைக் கழற்றி என்னிடம் தந்தார். பெயர் போட வேண்டாம், ஒரு இரவு மேடைக் கூலி வேண்டும் என்றார். 2019 கணக்கில் இல்லை, இப்போதைய கணக்கில். அண்ணன் அந்த இடத்திலேயே எண்ணிக் கொடுத்தார். ஜெனரேட்டர் பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

படலை வரை வந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். அந்தக் கடைசிச் சரணத்தை எப்படி அப்படி ஏற்றினீர்கள், 94இலிருந்து 101க்கு, மூன்று இரவு அதை அளந்தேன் என்று வாயை விட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“எந்தக் கோயில், 2017? ஓ, அதா. தம்பி, அண்டைக்கு ஜெனரேட்டருக்கு எண்ணெய் முடியப்போகுதெண்டு அந்தப் பொடியன் டோச் அடிச்சு அடிச்சுக் காட்டினவன். நிப்பாட்டுறதுக்குள்ள முடிக்கணும் எண்டு அடிச்ச அடி அது.”

அண்ணன் மோட்டார் சைக்கிளை உதைத்தபடி சிரிக்கத் தொடங்கினார், பாலம் தாண்டும் வரை நிறுத்தவில்லை. கடைசிச் சரணத்தை 96க்கு இறக்கி ஒரு முறை போட்டுப் பார்த்தோம். பிடிக்கவில்லை. 101இலேயே விட்டுவிட்டோம்.